பெலகோன் வாசித்த பாம்பு வதம்

எனக்கு முழங்கால் வலி உண்டு. உட்கார்ந்தபடியே சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நடுவர்கள் எல்லோரும் சாப்பிடக்கூடப் போகாமல் வந்திருக்கிறீர்கள் என்றார்கள். சுருக்கமாக முடித்துவிடுவேன்.

என் பெயர் தெலேசாஸ். டெல்பிக் கோயிலில் பதினேழு ஆண்டுகளாகக் காலை வழிபாட்டுக்கு யாழ் வாசிக்கிறேன். நம் அப்பொல்லோவின் கையில் வில் உண்டு, யாழ் உண்டு. குழல் கிடையாது. கோயிலைப் பெருக்குகிறவனுக்கும் இது தெரியும். குழல்காரன் மார்சியாஸ் அவரோடு போட்டிக்கு வந்தபோது, அவர் யாழைத் தலைகீழாகப் பிடித்து வாசித்துவிட்டு, நீயும் அப்படி வாசி என்றார். குழலைத் தலைகீழாக ஊத முடியுமா? தோற்றவனை மரத்தில் கட்டி, உயிரோடு தோலை உரித்தார். அது ஏமாற்று வேலை என்று சிலர் முணுமுணுப்பார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அவருக்குப் பயந்து ஓடி லாரல் மரமாகிப்போன பெண்ணின் இலையைத்தானே பறித்துத் தலையில் சூடியிருக்கிறார். தெய்வம் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும்.

பெலகோன் தீப்ஸ் நகரத்துக்காரன். என் தங்கை கிளெய்ட்டோவைக் கட்டியவன். இரட்டைக் குழல் வாசிப்பான். விருந்தில் ஒரு கிண்ணம் மது உள்ளே போனால் போதும், என்னைப் பிடித்துக்கொள்வான்.

"என்ன மச்சான், மார்சியாஸ் கதையைச் சொல்லியே இன்னும் எத்தனை வருஷம் பொழப்பை ஓட்டுவீங்க? உங்க யாழ் சத்தத்துக்குக் கோயில் புறாகூட முழிக்க மாட்டேங்குதாமே."

"சாமி இருக்கிற எடத்துல குழலுக்கு என்னடா வேலை?"

"அவரு பாம்பைக் கொன்ன கதையைப் பின்னே எதுல வாசிக்கிறதாம்? அது சீறுறதை நரம்புல தட்டிக் காட்டுங்க பாப்போம். டிங் டிங்னா சாகுமா பாம்பு?"

எல்லோரும் சிரித்தார்கள். கிளெய்ட்டோவும் சிரித்தாள். அது எனக்கு வலித்தது.

பிறகு நீங்கள் ஒரு முடிவு எடுத்தீர்கள். இந்தத் திருவிழாவில் குழல் போட்டியில் வென்று லாரல் கிரீடம் பெறுகிறவனுக்கே இனிக் காலை வழிபாடு என்று. பதினேழு ஆண்டு வாசித்தவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய்.

குழலுக்கு உயிர், ஊதுகிற முனையில் செருகும் நாணல் சீவாளியில் இருக்கிறது. காய்ந்த நாணல் பேசாது. வாசிப்பதற்கு முன் அதை வெகுநேரம் வாயில் அடக்கி, எச்சிலில் ஊறவைக்க வேண்டும். போட்டிக்காகப் பெலகோனும் கிளெய்ட்டோவும் என் வீட்டில்தான் வந்து தங்கினார்கள். அவனுடைய சீவாளிகள் இரண்டையும் பெட்டியிலிருந்து எடுத்து, அரளிப் பாலில் நனைத்து, உலர்த்தி, எடுத்த இடத்திலேயே வைத்தேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை. நம் மலையடிவாரத்தில் அரளிக்கா பஞ்சம்?

போட்டியன்று வெயில் ஏறும்போது அவன் சீவாளியை வாயில் அடக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"கசக்குது மச்சான்."

"பயத்துல எல்லாருக்கும் வாய் கசக்கும். நல்லா ஊறட்டும்டா."

"கையெல்லாம் நடுங்குது. பட்டையை நீங்களே கட்டி விடுங்க. உங்க கையால கட்டினா ஜெயிச்சிருவேன்."

அன்று அவன் கேலி செய்யவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கன்னம் உப்பாமல் இருக்கக் குழல்காரர்கள் வாயைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் தோல்பட்டை உங்களுக்குத் தெரியும். கட்டிவிட்டால் குழலைத் துப்பவும் முடியாது, யாரையும் கூப்பிடவும் முடியாது. என் முன்னால் தலையைக் குனிந்து நின்றான். கட்டினேன்.

போட்டியில் வாசிக்க வேண்டிய பாம்பு வதத்தில் ஐந்து பகுதிகள். தெய்வம் களம் பார்ப்பதையும், பாம்பைச் சண்டைக்கு அழைப்பதையும் ஒழுங்காகவே வாசித்தான். மூன்றாவதில், சண்டையில், கால்கள் தள்ளாடின. நான்காவது, பாம்பு சீறிப் பல்லைக் கடித்துச் சாகிற பகுதி. அதை அவன் வாசிக்கவில்லை. அவனுக்கு மூச்சு முட்டியது. வேறு வழியில்லாமல் அந்த மூச்சு குழல் வழியாக வந்தது. கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. இப்படியொரு பாம்பைக் கேட்டதே இல்லை என்று உங்களில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவன் மண்டியிட்டான், சரிந்தான். அதையும் நடிப்பு என்றே நினைத்தீர்கள். ஐந்தாவது பகுதியான வெற்றிக் கூத்து வரவே இல்லை. புதுமை என்று கைதட்டினீர்கள். தட்டி முடிக்கும்வரை ஒருவரும் அவன் அருகில் போகவில்லை.

கிளெய்ட்டோதான் முதலில் ஓடினாள்.

"அண்ணா, இதை ஏன் இவ்வளவு இறுக்கிக் கட்டினே? அவிழ மாட்டேங்குதே. கத்தி எடுத்துட்டு வாண்ணா."

நான் கத்தி தேடப் போனேன். நிதானமாகத்தான் தேடினேன்.

அப்பொல்லோவே மகிழ்ந்து அவனை அழைத்துக்கொண்டார் என்று சொல்லி, பிணத்தின் தலையில் கிரீடம் வைத்தீர்கள். என்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. கிளெய்ட்டோ இன்றுவரை என் தோளில் சாய்ந்துதான் அழுகிறாள். காலை வழிபாடும் மறுபடி என்னிடமே வந்துவிட்டது. பேசாமல் இருந்திருந்தால் இப்படியே போயிருக்கும்.

ஆனால் நேற்றுக் கோயில் வாசலில் கல்தச்சன் செதுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். "பெலகோன், பாம்பின் சாவை வாசித்தவன்" என்று. அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. முதல் மூன்று பகுதிகள் அவனுடையவை, ஒத்துக்கொள்கிறேன். தீப்ஸில் எந்தக் குழல்காரனும் அந்த அளவுக்கு வாசிப்பான். நீங்கள் எழுந்து நின்றதும் கண் கலங்கியதும் நான்காவது பகுதிக்கு. சீவாளியைப் பதப்படுத்தியவன் நான், பட்டையை இறுக்கியவன் நான், அந்தச் சீறல் எனக்குச் சொந்தமானது.

கல்லில் என் பெயர்தான் வர வேண்டும். தண்டனையைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.