மாதாவின் காலடியில் ஒரு வியாபாரி

லண்டனில் மியூசியம் பார்த்துவிட்டு இல்ஃபோர்ட்டுக்குத் திரும்பிய ஒரு கணவனும் மனைவியும் ரயிலில் எனக்கு எதிரே இருந்தார்கள்.

“அங்கை பாத்த அந்தப் பழைய கோதிக் காலத்து மாதா கோயில் பலிபீடப் படத்திலையே, திருப்பணிக்குக் காசு குடுத்த வியாபாரியை மாதாவின்ரை காலடியிலை கீறியிருக்கினம். நான் காசு குடுத்துச் செய்யிற எங்கட கோயில் கதவிலை என்ரை முகத்தைச் செதுக்கினால் மட்டும் என்ன குற்றம்?” என்றார் கணவர்.

“அந்தாள் முழங்காலிலை நிக்குது, கவனிச்சனீங்களோ?”

“நானும் கும்பிட்டுக்கொண்டுதானே இருப்பன்.”

“பக்கத்திலை அவரின்ரை மனிசியையும் கீறியிருக்கு. கதவிலை நான் எங்கை?”

“இடம் காணாதப்பா. நடுவிலை பிள்ளையார் வேறை இருக்கிறார்.”

“அப்ப பிள்ளையாரை எடுத்துவிடுங்கோவன்!” என்று மனைவி எரிந்து விழுந்தார்.

கணவர் உடனே கோயில் தலைவருக்குப் போன் எடுத்தார்.

“அண்ணை, கதவிலை பிள்ளையார் கட்டாயமோ?”