நாக்காவில் கட்டிய வரி

“எம் பொண்டாட்டி மவுத்தான அன்னிக்குக்கூட வரி கட்டினேன் சார்.”

முன் சீட்டில் தமிழில் நடந்துகொண்டிருந்த பேச்சில் இது காதில் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். ஏரவாடாவிலிருந்து வந்த எங்கள் பஸ், புனே ஊருக்குள் வரும் சரக்குக்கு வரி வாங்கும் நாக்காவில், லாரிகளுக்குப் பின்னால் நின்றிருந்தது. சொன்னவர் ஜவுளிக்கடை பாய். பக்கத்தில் இருந்தவர் மிலிட்டரி கணக்கு ஆபீஸ் குமாஸ்தா. வருமானத்துக்கு வரி போடுவதை விட்டுவிட்டுச் செலவுக்குப் போட வேண்டும் என்று ஏறினதிலிருந்து பாயைக் குடைந்துகொண்டிருந்தார்.

“சம்சாரம் இறந்த அன்னிக்கா! எந்த வரி ஆபீஸ்ல போய்க் கட்டினீங்க பாய்?”

“ஆபீஸ் எதுக்கு? இந்த நாக்கா போதாதா?”

“நாக்காவுல கட்டினதை ஜனங்க தலையிலதானே கட்டுறீங்க!”

“ஆமா, கட்டுறேன். இங்க குடுக்கறது, லாரி காத்துக் கிடக்கற வாடகை, எல்லாத்தையும் கெஜத்து விலையில ஏத்திடுவேன். வாங்கறவனுக்குத் தெரியவே தெரியாது.”

“அப்ப உங்களுக்கு என்ன நஷ்டம்? எனக்குச் சம்பளத்துல கண்ணெதிரே பிடிக்கிறான். செலவுக்குன்னு போட்டா, செலவே பண்ணாதவன் தப்பிச்சுக்கலாமே.”

“அவளும் செலவே பண்ணமாட்டா சார். ஜவுளிக்கடைக்காரன் பொண்டாட்டி, பெருநாளைக்குக்கூடப் புதுத்துணி கேட்டதில்ல. கடைசியில அவளைச் சுத்தி அடக்கம் பண்ற கஃபன் துணிய என் கடையில, அன்னிக்கு இங்க வரி கட்டி எடுத்துட்டு வந்த துணிக்கட்டுலதான் கிழிச்சேன்.”

பாய் லாரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தத் துணிக்குக் கட்டின வரிய மட்டும் யார் தலையில ஏத்தறதுன்னு எனக்குத் தெரியல.”