முந்நூற்றுப் பத்துப் பிள்ளைகள்

— நான் சண்டைக்கு வரல்ல, டொக்டர் ஜவுபர். ஒரேயொரு கேள்விதான். எங்க என்ட புள்ளையள்?

— எந்தப் புள்ளையள், பிரின்சிபல் சேர்? முதல்ல இரிங்க.

— முந்நூத்திப் பத்துப் புள்ளையள். இந்தத் தொண்ணூத்தாறாம் வருசம் ஒண்டாம் வகுப்புக்கு, ஊர்ல இரிக்கிற இஸ்கூல்கள்ல எடம் கெடைக்காம முந்நூத்திப் பத்துப் புள்ளையள் தெருவில நிக்குமெண்டு எழுதினது ஆரு?

— நான்தான். அது எண்பத்தொண்டில. ஆனா சேர், அத அப்படி நேராச் சொல்லேலாது...

— நேராத்தான் எழுதியிரிக்கீங்க. உங்கட ஆய்வுப் புத்தகத்தில நூத்திப் பதினாலாம் பக்கம். அந்தப் பக்கத்தக் காட்டித்தானே கடக்கரை றோட்டில மூணு மாடி கட்டித் தந்தாங்க. இருவத்திநாலு வகுப்பறை! ஊரே கூடி எனக்கு மாலை போட்டுச் சாவி தந்திச்சு. இண்டைக்கு ஒண்டாம் வகுப்பில எத்தின பேர் தெரியுமா?

— எத்தின?

— பத்தொம்பது. அதில ரெண்டு பேருக்கு அம்மை. மேல் மாடியில ஆடு குட்டி போட்டிரிக்கி, டொக்டர். இந்த இஸ்கூல்ல பெருகினது அது மட்டும்தான்.

— பாருங்க சேர், எல்லாக் கணக்கும் ஒரு அனுமானத்திலதான் நிக்கிது. நான் இந்த ஊர்ல தொள்ளாயிரம் ஊடு ஏறி எறங்கினன். ஒவ்வொரு தாய்க்கும் ஏழு, எட்டு. மகள்மாரும் உம்மாமாரப் போலத்தான் பெறுவாங்க எண்டு வெச்சுக்கிட்டு...

— வெச்சுக்கிட்டு?

— பெருக்கினன்.

— நீங்க பெருக்கினீங்க. அவங்க பெருகல்ல.

— விஞ்ஞானத்தில இதெல்லாம் நடக்கிறதுதான்.

— விஞ்ஞானம்! ஊர்ல உங்களுக்கு என்ன பேர் தெரியுமா? சீனிமுகம்மது காக்கா, டொக்டர் வந்திரிக்காரெண்டு நம்பி கால்ப் புண்ணக் காட்ட வந்திரிக்காரு. நீங்க அவருக்கிட்ட ஊட்டில எத்தின பொறப்பு, எத்தின மவுத்து எண்டு கேட்டு எழுதிட்டு அனுப்பினீங்களாம். மனிசன் பயந்து ரெண்டு நாள் சோறு தின்னல்ல.

— நான் சனத்தொகையப் படிச்ச டொக்டரெண்டு விளங்கப்படுத்தினன், சேர். அவருக்கு விளங்கல்ல.

— எனக்கும் விளங்கல்ல. இந்தா, கல்விக் கந்தோர்லயிருந்து வந்த கடிதம். டிசம்பர் முடியிறதுக்குள்ள மாணவர் தொகை நூத்தம்பதாகாட்டி இஸ்கூல மூடிடுவாங்களாம். எல்லா வகுப்பும் சேத்து இப்ப நூத்தி ரெண்டு பேர். எனக்குப் பென்சனுக்கு இன்னம் ரெண்டு வருசம் இரிக்கி. மூடின இஸ்கூலுக்குப் பிரின்சிபலா இரிந்து பென்சன் போக ஏலுமா? நாளைக்கு என்னோட கந்தோருக்கு வாங்க. புள்ளையள் வந்துகொண்டிரிக்கி, கொஞ்சம் சுணங்குது எண்டு சொல்லுங்க.

— அது பொய்யாப் போகுமே, சேர்.

— அப்ப இவ்வளவு நாளும் சொன்னது?

— சேர், எனக்கும் தலையில நெருப்புத்தான். வாற வியாழக்கிழமை பேராசிரியர் பதவிக்கு நேர்முகம். நான் வெச்சிரிக்கிறது அந்த ஒரு புத்தகம்தான். லண்டன்ல அஞ்சு வருசம், கொழும்பில பத்து வருசம், எங்க போனாலும் அந்த நூத்திப் பதினாலாம் பக்கத்தச் சொல்லித்தான் என்ன மேடைக்குக் கூப்பிடுவாங்க. அது பிழைச்ச கதை வெளிய வந்தா...

— வெளிய வந்திட்டு. மாடியில நிண்டு கத்துது.

— ரெண்டு மாசமா யோசிக்கன், எங்க பிழைச்சதெண்டு. ஆக்கள் சவுதிக்குப் போனதால இரிக்கலாம். தொண்ணூறாமாண்டுக் கலவரத்தில ஊரு எழும்பிப் போனதால இரிக்கலாம்.

— எழும்பிப் போனவங்க மறுகா வந்திட்டாங்க. கலியாணத்துக்கும் குறைச்சலில்ல, சீதன ஊடு கட்ட ஊர்ல மேசன்மார் காணாது. ஆனா ஒவ்வொரு ஊட்டிலயும் ரெண்டு, இல்லாட்டி மூணு. அதோட நிப்பாட்டு. ஆரோ சொல்லிக் குடுத்த மாதிரி.

— ஓம் சேர். சொல்லிக் குடுத்ததுதான்.

— ஆ, சுல்பிகா மிஸ்! அஸ்ஸலாமு அலைக்கும். கிளினிக் முடிஞ்சா? பொஞ்சாதி நீங்களாவது உங்கட மாப்பிள்ளைக்குப் புத்தி சொல்லுங்க.

— வஅலைக்கும் ஸலாம். அவருக்கு நான் என்னத்தச் சொல்ற? சொல்லிக் குடுத்த ஆள் நான்தான், சேர்.

— நீயா, சுல்பி?

— வேற ஆரு மச்சான்? இந்த ஊர்ல பதினாறு வருசமா புள்ளப்பேறு பாக்கிற மிட்வைப் ஆரு? லண்டனுக்குப் போய் ஒரு கடிதம் போட்டீங்களே, நினைவிரிக்கா? ‘அன்புள்ள சுல்பிகா’ எண்டு ஒரு வரி. மறுகா ஒரு கோட்டுப் படம். கோடு ஏறுது, ஏறுது, கடதாசிக்கு வெளியாலயே போகுது. கீழ ‘இப்படிக்கு ஜவுபர்’.

— அது என்ட ஆய்வுட முடிவு, புள்ள! பேராசிரியருக்கும் முந்தி உனக்குத்தான் அனுப்பினன்.

— மத்தப் பொம்புளையள் மாப்பிள்ளைட கடிதத்தத் தலகணிக்குக் கீழ வெப்பாளுகள். நான் கிளினிக் செவத்தில ஒட்டினன்.

— செவத்திலயா?

— புள்ளையள் நிறுக்கிற தராசுக்கு நேர மேல. ‘இது என்ன படம் மிஸ்?’ எண்டு கேப்பாளுகள். ‘இது நம்மட புள்ளையள் கா. இப்படியே பெத்துப் போட்டா தொண்ணூத்தாறில முந்நூத்திப் பத்துப் புள்ளையளுக்கு இஸ்கூல்ல எடமில்ல, அதில ஒண்டு உண்ட புள்ளையா இரிக்கும்’ எண்டு சொல்லுவன். சிரிச்சிட்டுப் போவாளுகள். அடுத்த மாசம் கதவடியில நிண்டு மெல்லமாக் கேப்பாளுகள், ‘மிஸ், நிப்பாட்டுறதுக்கு என்ன செய்ற?’ எண்டு.

— இத ஏன் நீ எனக்குச் சொல்லவேயில்ல?

— நீங்க கேக்கல்லையே. தொள்ளாயிரம் ஊட்டில கேட்டீங்க. சொந்த ஊட்டில கேக்கல்ல.

— யா அல்லாஹ்! மாப்பிள்ளை எழுதி எனக்கு இஸ்கூல் கட்டித் தந்தாரு. பொஞ்சாதி அதையே காட்டி இஸ்கூலக் காலியாக்கிட்டா!

— கோவிக்காதீங்க சேர். றுமானாவ நினைவிரிக்கா உங்களுக்கு? மீன் சந்தைக்குப் பின்னால இரிந்த புள்ளை.

— ஏன் இல்ல? எட்டாம் வகுப்பில என்ட கணக்குப் பாடத்துக்குத் தொண்ணூத்தெட்டு எடுத்தவ. வாப்பா கலியாணம் பேசி படிப்ப மறிச்சுப்போட்டாரு.

— ஒம்பதாவது புள்ளையப் பெறக்குள்ள மவுத்தாப் போனா. எண்பத்திரெண்டில, என்ட கையிலதான். அதுக்குப் பொறகுதான் நான் அந்தப் படத்த ஒட்டினன். 

— ...அது எனக்குத் தெரியா, மிஸ்.

— அவருக்கும் தெரியா. அவர்ட கோட்டில றுமானா இல்லையே.

— சுல்பி, ஒரு நிமிசம். அப்ப என்ட கணக்குப் பிழைக்கல்ல! கணக்க நம்பினாங்க, அதாலதான் அது நடக்கல்ல. அந்தப் பக்கத்த ஊரே வாசிச்சிரிக்கி! லண்டன்ல ஏழு பேர்தான் வாசிச்சாங்க, அதில ஒராள் அச்சுக் கோத்தவன். வியாழக்கிழமை நான் இதத்தான் சொல்லப்போறன்.

— சொல்லுங்க. என்ட பேரையும் சேத்துச் சொல்லுங்க.

— முதலாவது உண்ட பேர்தான், புள்ள.

— நல்லம், புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும் பட்டம் எடுங்க. எனக்கு நாப்பத்தெட்டுப் புள்ளையள் குறையுதே, அதுக்கு என்ன வழி?

— அதுக்கு ஒரு லிஸ்ட் இரிக்கி, சேர். கிளினிக் கொப்பிக்குப் பின்பக்கத்தில எழுதி வெச்சிரிக்கன். அம்பத்திமூணு பேர்.

— அம்பத்திமூணா! எத்தின வயசுப் புள்ளையள்?

— இருவத்தஞ்சில இரிந்து நாப்பத்தஞ்சு.

— என்ன மிஸ் பகிடி?

— பகிடியில்ல. எட்டுப் பெறோணுமெண்டு இவர் கணக்குப் போட்ட பொம்புளையள்தான். மூணோட நிப்பாட்டினாளுகள். அந்த மூணும் இப்ப இஸ்கூலுக்குப் போகுது, இவளுகளுக்குப் பின்னேரத்தில கை சும்மா இரிக்கி. எட்டாம் வகுப்பில மறிச்ச படிப்பத் தொடங்கி சாதாரண தரப் பரீட்சை எழுதோணுமாம். வகுப்பறைதான் இல்லையெண்டாளுகள். நான் சொன்னன், கடக்கரை றோட்டில இருவத்திநாலு கிடக்கு, ஆட்ட மட்டும் கலைக்கோணுமெண்டு.

— கந்தோர் ஒத்துக்கொள்ளுமா? டொக்டர், அந்தக் கடிதத்த ஒருக்கா வாசிங்க.

— ‘மாணவர் தொகை’ எண்டுதான் கிடக்கு, சேர். வயசு எழுதல்ல. நூத்தி ரெண்டும் அம்பத்திமூணும் நூத்தம்பத்தஞ்சு. இந்தக் கணக்கில அனுமானமொண்டும் இல்ல.

— அல்ஹம்துலில்லாஹ்! நாளைக்கே பேர் பதியிறன். ஆனா மிஸ், மாப்பிள்ளைமாருக்குத் தெரியாமப் பதியமாட்டன். மறுகா வாசல்ல வந்து நிண்டு என்னத்தான் பேசுவானுகள். ஒவ்வொருத்தனோடயும் நானே கதைக்கன். முதலாவது பேர் ஆரு?

— கமீலா.

— எந்தக் கமீலா? எங்கட தெருவில மட்டும் ஆறு கமீலா.

— அவ மாப்பிள்ளைக்குத்தான் ஆகலும் பயப்பிடுறா, சேர். ‘எட்டாம் வகுப்போட நிண்டவளெண்டு ஆக்களுக்கு முன்னால சிரிப்பாரு மிஸ், அவருக்கு மட்டும் சொல்லிடாதீங்க’ எண்டு என்ட கையப் புடிச்சு அழுதா.

— அவன் என்ன மனிசன்! பொஞ்சாதி படிக்கப் போறத மறிக்கிறவன் இந்தக் காலத்திலயும் இரிக்கானா? இப்பவே கதைக்கன். எங்க அவன்?

— இஞ்சதான் சேர். இப்ப என்னோடதான் கதைச்சிட்டிரிக்காரு.