சோற்றுப் பையில் போன மவுஸ்

பிள்ளைகளா, இன்று தருமபுரியிலிருந்து பாப்பாரப்பட்டிக்கு பஸ்ஸில் வரும்போது, முன்சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி கம்ப்யூட்டர் வேலைக்குப் பரீட்சை எழுதிவிட்டு வந்தவள். மற்றவள் அவளுடைய அண்ணி.

"நம்மூட்டு மவுஸை சோத்துப் பையில போட்டு எடுத்துட்டுப் போயிட்டேனுங்க அண்ணி."

"அடி ஆத்தா! அங்க மவுஸ் இல்லாமயா கெடக்குது?"

"இருக்குதுங்க. சோத்தாங்கைக்குன்னே வளைச்சு வெச்சது. எனக்குப் பீச்சாங்கைதானே வரும். இதுக்கு முன்ன போன மூணு எடத்துலயும் அதுலதான் தடுமாறித் தோத்தேன்."

"கம்ப்யூட்டராச்சும் தெரிஞ்சதா?"

"எங்கீங்க! நமக்கு விண்டோஸ்தான் தெரியும். அங்க லினக்ஸ். எது எங்க இருக்குதுன்னே தெரியல. நம்ம மவுஸை இடதுபக்கம் மாட்டிப் புடிச்சேன், கொஞ்ச நேரத்துல அதுவும் பழகிருச்சு. பரீட்சை வெச்ச மேடம் என் கையையே பாத்தாங்க. திட்டப்போறாங்கன்னு நெனச்சேன். 'எந்தக் கையா இருந்தா என்னம்மா, திங்கக்கிழமை வேலைக்கு வந்துரு'ன்னுட்டாங்க!"

"அப்பாடா! உங்கண்ணன் சின்னதுல அந்தக் கையில எத்தன அடி அடிச்சிருப்பாரு! அந்தக் கைக்கே ஒரு வளையல் வாங்கித் தரச் சொல்றேன் இரு."

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

நான் வந்தபோது நீங்கள் டியூஷனுக்குப் போயிருந்தீர்கள். சின்னவளே, நீ இடது கையால் மவுஸைப் பிடிக்கும்போதெல்லாம் அதட்டி, வலப்பக்கம் நகர்த்தி வைத்தவன் நான்தான். இப்போது அதன் வயரைக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் சுற்றி இழுத்து, மவுஸை இடப்பக்கம் வைத்தேன்.