சட்டையின் முன்பக்கம்

கால்பந்துச் சட்டையில் எந்த இடத்துக்கு என்ன மதிப்பு என்பது நிறையப் பேருக்குத் தெரியாது, மேடம். முதுகில் எண்ணுக்குக் கீழே ஒரு கடைப் பெயர் போடலாம், யாரும் படிப்பதில்லை. கைப்பக்கம் சின்னதாக ஒரு படம் வைக்கலாம். போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் அதற்குத்தான் வருவார்கள். முன்பக்கம், நெஞ்சுக்கு நேராக, ஒரு சாண் அகலம். அதுதான் சட்டை. கோல் போட்டவன் கையை விரித்துக்கொண்டு ஓடி வரும்போது படத்தில் விழுவது அந்த ஒரு சாண்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'வெறும் அஞ்சு லட்சத்துக்காகவா?' என்று நீங்கள் கேட்டீர்கள். அந்தக் கேள்வியில் 'வெறும்' என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். மற்றதை எல்லாம் நான் ஒத்துக்கொள்கிறேன். எழுதுகிறவரை நிதானமாக எழுதச் சொல்லுங்கள். நான் எங்கும் போகப்போவதில்லை.

என் பெயர் ஞானசிகாமணி. ராயப்பன்பட்டி. தனியார் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். எங்கள் ஊர்க் கால்பந்துக் கழகத்துக்கு இருபத்திரண்டு வருடம் செயலாளராக இருந்தேன். அந்த இருபத்திரண்டு வருடமும் ரசீதுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சின்னமனூரிலிருந்து கூடலூர் வரைக்கும் கடை கடையாக ஏறியிருக்கிறேன். கம்பத்தில் ஒரு நகைக்கடைக்காரர் என்னை ஒன்றேகால் மணி நேரம் நிற்க வைத்தார். பிறகு கூப்பிட்டு, "ஃபுட்பாலா? கிரிக்கெட்டுன்னாச் சொல்லுங்க, பாப்போம்" என்று சொல்லி ஐம்பது ரூபாய் கொடுத்தார். நான் ரசீது எழுதிக் கொடுத்தேன். அடியில் நன்றி என்றும் எழுதினேன். வெளிநாட்டில் ஒரு கிளப்பின் சட்டைக்கு ஏதோ விமானக் கம்பெனி பல நூறு கோடி கொடுத்ததாக அன்றைக்குக் காலைப் பேப்பரில்தான் படித்திருந்தேன். அதே ஒரு சாண் துணிதான்.

ஜோஷ்வா எங்களிடம் வந்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. அப்பா இல்லை. அம்மா செலின் திராட்சைத் தோட்டத்தில் கொடி கட்டப் போவாள். அக்கா அனிதா மேரி தேனியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். இவன் அதே தோட்டங்களில் மருந்தடித்துக்கொண்டிருந்தான். காலையில் முதுகில் டேங்க்கைச் சுமந்துவிட்டுச் சாயங்காலம் மைதானத்துக்கு வருவான். அவன் காலில் பந்து இருந்தால் எதிர் அணிக்காரனே ஒரு நிமிடம் நின்று பார்ப்பான். குமுளிப் பக்கம் ஒரு செவன்ஸ் போட்டியில், ஏழு பேர் ஆடும் ஆட்டம் அது, பாதி மைதானத்திலிருந்து ஒரு கோல் அடித்தான். அந்த வீடியோவைப் பதினோரு லட்சம் பேர் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக ஒரு வியாபாரி என்னைத் தேடி வந்தது அதற்குப் பிறகுதான்.

அவர் ஈஸ்வரபாண்டி. பழனிசெட்டிபட்டியில் 'வெண்முகில்' என்று டீத்தூள் பாக்கெட் போடுகிறவர். நல்ல மனிதர். சுற்றி வளைத்துப் பேசமாட்டார்.

"சார், எனக்கு ஒங்க டீமத் தெரியாது. அந்தப் பையனத் தெரியும். குமுளி, கட்டப்பனைப் பக்கம் என் சரக்கு போகணும். அவன் நெஞ்சுல என் பேரு இருக்கணும். வருசத்துக்கு அஞ்சு, ரெண்டு வருசம். ஆனா அவன் ஆடுனாத்தான். அவன் இல்லைன்னா ஒங்க சட்டை எனக்கு வெறும் துணி" என்றார்.

அவர் சொன்னதில் தவறில்லை. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே சொன்னதில்லை.

அவருடைய ஆடிட்டர் ஒரு நிபந்தனை சேர்த்தார். ஆடுகிறவர்கள் எல்லாரும் உடல் தகுதிச் சான்று கொடுக்க வேண்டும். போன வருடம் ஜனவரியில் ஒரு புதன்கிழமை பதினான்கு பேரையும் வேனில் ஏற்றித் தேனிக்குக் கூட்டிப்போனேன். என் மகன் அருண் ஜோசப்பும் அதில் ஒருவன். எல்லாருக்கும் ஈசிஜி, எக்கோ எடுத்தார்கள். ஜோஷ்வாவுக்கு மருந்தடிக்கும் வேலை பாதியில் நின்றிருந்தது. எடுத்து முடித்ததும் பஸ் ஏறிப் போய்விட்டான். டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

ஜோஷ்வாவுக்கு இதயச் சுவர் தடித்திருக்கிறது என்றார். பிறவியிலேயே வருவது. சும்மா இருந்தால் தெரியாது. வேகமாக ஓடினால் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடலாம். இனி ஓடக்கூடாது, உடனே வந்து என்னைப் பார்க்கச் சொல்லுங்கள், கூடப்பிறந்தவர்களையும் ஒருமுறை பரிசோதிக்கச் சொல்லுங்கள். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி உறையில் போட்டுக் கொடுத்தார். வாங்கியதற்கு, அவர்கள் வைத்துக்கொண்ட நகலில் நான் கையெழுத்துப் போட்டேன்.

வேனில் திரும்பும்போது பையன்கள் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டு வந்தார்கள். உறை என் சட்டைப் பைக்குள் இருந்தது. நான் அவசரமாக எதையும் முடிவு செய்யவில்லை. வீரபாண்டி தாண்டும்வரை அதைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன். டாக்டர்கள் எதையும் கூட்டித்தான் சொல்வார்கள். மெஷின்கள் தப்புக் காட்டும். சிங்கம் மாதிரி ஓடுகிறவனுக்கு இதயத்தில் கோளாறு என்றால் யார் நம்புவார்கள்? நான் நம்பவில்லை. இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம். அந்தத் தாளில் இருந்ததை நான் ஒரு நிமிடம்கூட நம்பவில்லை.

அருணுடைய ரிப்போர்ட் சுத்தமாக இருந்தது. அதை ஸ்கேன் செய்து பெயரையும் வயதையும் மாற்றினேன். பள்ளிக்கூட ஆபீஸ் கம்ப்யூட்டரில் பத்து நிமிட வேலை. ஒரு பிள்ளையின் பெயர் இருந்த இடத்தில் இன்னொரு பிள்ளையின் பெயர். டாக்டர் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டேன்.

பிப்ரவரி முதல் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. அன்று வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ரசீதுப் புத்தகங்களை அடுப்பில் போட்டேன். புது பூட்ஸ் வந்தது. மைதானத்துக்குக் கம்பிவேலி வந்தது. ஜோஷ்வாவின் படம் போட்ட பேனர் கம்பம் மெட்டிலிருந்து லோயர் கேம்ப் வரை நின்றது. அந்த நகைக்கடைக்காரர் போன் செய்து, கைப்பக்கம் இடம் கிடைக்குமா என்று கேட்டார். இப்போதைக்கு இல்லை என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு நான் எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது.

மூன்றாவது ஆட்டம் முடிந்து ஜோஷ்வா என்னிடம் வந்தான். உதடு வெளுத்திருந்தது.

"சார், ஓடி நிக்கைல கண்ணு இருட்டிக்கிட்டு வருது. நெஞ்சுக்குள்ள ஏதோ துள்ளுது. மருந்தடிக்கிறதால இருக்குமா?"

"அதுதான்டா. இனிமே அந்த வேலைக்குப் போகாத. கூலிய கழகத்துல இருந்து நான் குடுக்கறேன்" என்றேன்.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. அவனை அந்த மருந்து டேங்க்கிலிருந்து விடுவித்தவன் நான். அதை யாரும் இப்போது சொல்வதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து செலின் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"சார், புள்ளைக்கு ரெண்டு தரம் மயக்கம் வந்துருச்சு. அன்னைக்கித் தேனில நெஞ்சுக்கு டெஸ்ட்டு எடுத்தீகளே, டாக்டரு என்ன சொன்னாக?"

"எல்லாம் நல்லாருக்குன்னு சொன்னாக செலின். வெயிலுதான். மோர் குடு."

"அனிதா வேற எடத்துல ஒருக்கா காட்டுவோமான்னு கேக்குறா."

"ரெண்டு ஆஸ்பத்திரில காட்டுனா ரெண்டு விதமாச் சொல்லுவாக. வீணாப் பயப்படாத. நான் இருக்கேன்ல."

"நீங்க சொன்னாச் சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது முகம் தெளிந்திருந்தது. அதுவும் ஒரு உதவிதான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

அதன் பிறகு ஆறு ஆட்டம். மொத்தம் ஒன்பது ஆட்டத்தில் பதினான்கு கோல். ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு ஆட்டம் முடியும்போதும் டாக்டர் சொன்னது தப்பு என்று நிரூபணம் ஆகிக்கொண்டே வந்தது.

பத்தாவது ஆட்டம் ஏப்ரலில், எங்கள் மைதானத்தில், அரையிறுதி. சாயங்காலம் நாலரை மணி. அன்றைக்குக் காலையில் அவன் குடித்த தண்ணீரைக்கூட வாந்தி எடுத்ததாக ஒரு பையன் வந்து சொன்னான். ஈஸ்வரபாண்டி குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் ஜோஷ்வாவிடம் முதல் பாதி மட்டும் ஆடு என்றேன். முதல் பாதியில் கோல் விழவில்லை. அதனால் இரண்டாவது பாதியும் ஆடச் சொன்னேன்.

ஐம்பத்து மூன்றாவது நிமிடம், மூலைக்கொடிக்குப் பக்கத்தில், யாரும் இடிக்காமல் விழுந்தான். கையை ஊன்றாமல் விழுந்தான். அனிதா மேரி கூட்டத்திலிருந்து வேலியைத் தாண்டிக் குதித்து ஓடி வந்தாள். வந்த வேகத்தில் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தாள். எண்ணிக்கொண்டே அழுத்தினாள். ஆம்புலன்ஸ் வர ஒன்பது நிமிடம் ஆனது. அதுவரை அவள் நிறுத்தவில்லை.

ஆம்புலன்ஸ் பையன் ஷாக் கொடுக்கும் பெட்டியைத் திறந்தான். ஈரச் சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. "சட்டைய வெட்டணும், கத்தரிக்கோல் குடுங்க" என்று கத்தினான். முதலுதவிப் பெட்டி என் கையில் இருந்தது. கத்தரிக்கோல் அதற்குள் இருந்தது. சுற்றிலும் எல்லாரும் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நடுவில் வெட்டினால் பெயரின் குறுக்கே போகும்.

"வெட்ட வேணாம்ப்பா, மேல தூக்கிக் கழட்டிரலாம்" என்றேன்.

அனிதா மேரி அழுத்துவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நாலு பேர் சேர்ந்து அவனைத் தூக்கி, கையை மடக்கி, தலைவழியாகக் கழற்றினார்கள். அரை நிமிடம் இருக்கும்; கூடுதலாகவும் இருக்கலாம். வெட்டியிருந்தால் பிழைத்திருப்பான் என்று எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்லமாட்டார். நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

கம்பம் போவதற்குள் முடிந்துவிட்டது. அறுத்துப் பார்க்க வேண்டுமா என்று பேச்சு வந்தபோது, விளையாட்டில் போன பிள்ளையை எதற்கு அறுக்க வேண்டும் என்று செலினிடம் நான்தான் சொன்னேன். அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள். சவப்பெட்டிக்குள் அந்தச் சட்டையைப் போட்டு அனுப்பலாமா என்று என்னைக் கேட்டாள். புதுச்சட்டை ஒன்று கொடுத்தேன். அவன் போட்டிருந்ததைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்துக்கொண்டோம்.

எல்லாப் பேப்பரிலும் படம் வந்தது. கை விரித்து ஓடிவரும் பழைய படம். பெயர் தெளிவாக இருந்தது. அடக்கத்துக்கு வந்த ஈஸ்வரபாண்டி உண்மையாகவே அழுதார். ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் சார், மனசு வரவில்லை என்றார். நான்தான் நாற்பதாம் நாள் முடிந்ததும் பழனிசெட்டிபட்டிக்குப் போய் உட்கார்ந்து பேசினேன். ஜோஷ்வா நினைவுக் கோப்பை நடத்தலாம், அந்தச் சட்டைக்கு இப்போது முன்னைவிட மதிப்பு கூடியிருக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். அவர் தாளை இரண்டு தரம் படித்தார். பிறகு எட்டு லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

அதோடு எல்லாம் அமைதியாகத்தான் இருந்தது. போன மாதம் அனிதா மேரி வேலை செய்யும் இடத்தில் படியேறும்போது மயங்கி விழுந்திருக்கிறாள். அங்கிருந்த டாக்டர்களே பரிசோதித்திருக்கிறார்கள். இவளுக்கும் இதயச் சுவர் தடித்திருந்தது. குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். அவள் நேராக, நாங்கள் வேனில் போன அந்த மருத்துவமனைக்குப் போய்த் தம்பியின் பெயரைச் சொல்லிப் பழைய நகலை வாங்கியிருக்கிறாள். அங்கிருந்து என் வீட்டுக்கு வந்தாள்.

என் மனைவி டீ வைத்தாள். அனிதா அதைத் தொடவில்லை. தாளை மேசையில் விரித்தாள்.

"இதுல கையெழுத்து ஒங்களோடதா சார்?"

"ஆமா."

"கூடப்பொறந்தவுகளையும் பாக்கச் சொல்லுங்கன்னு எழுதியிருக்கு. ஒண்ணேகால் வருசமா நான் இந்த நெஞ்சோட நைட் டியூட்டி பாத்திருக்கேன். எங்க அம்மாவுக்கு மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான். அதுகூடவா சார் ஒங்களுக்குத் தோணல?"

தோன்றவில்லை என்று சொன்னேன். உண்மையில் ஒன்றிரண்டு முறை தோன்றியது. அவளிடம் சொன்னால் ஜோஷ்வாவைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும்.

அவள் சத்தம் போடவில்லை. "அன்னைக்கி கத்தரிக்கோல் ஒங்க கையிலதான் இருந்துச்சு. நான் பாத்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவள் போன திசையைப் பார்த்ததுமே ஸ்டேஷனுக்குத்தான் போகிறாள் என்று தெரிந்தது. நான் சட்டை மாற்றிக்கொண்டு நீங்கள் வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

ஆக, ரிப்போர்ட்டை மறைத்தது நான். மாற்றியது நான். தெரிந்தே பத்து ஆட்டம் ஆட வைத்ததும் நான். இதில் வேறு யாருக்கும் பங்கு இல்லை. ஆனால் கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தத் தாளை நம்பியிருந்தால்தானே அது கொலை? நான் நம்பவில்லை என்று முதலிலேயே சொன்னேன்.

என் மகன் அருண் அந்த ஜனவரிக்குப் பிறகு ஏன் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை என்று கேட்கிறீர்கள். அவனுக்கு ஒன்றுமில்லை, மேடம். தேனி ரிப்போர்ட் சுத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அந்தச் சனிக்கிழமையே மதுரைக்குக் கூட்டிப்போய் இரண்டு டாக்டரிடம் காட்டினேன். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறான், ஆடலாம் என்றார்கள். ஆனாலும் வேண்டாம் என்று பூட்ஸை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். அந்தப் பயமெல்லாம் பிள்ளையைப் பெற்றவர்களுக்குத்தான் தெரியும்.