பாடி தூக்கிய பிக்கப்

எனக்கு எழுபத்தொரு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தவள். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்சில் எனக்கு முன்சீட்டில் இரண்டு ஆண்கள் இருந்தார்கள். மூத்தவர் திடீரென்று, "பொண்டாட்டி ஏற முடியாத வண்டி எதுக்கு மாப்ள?" என்றார். நான் காது கொடுத்துக் கேட்டேன்.

"பழைய பிக்கப்பு மச்சான். மழத்தண்ணி உள்ள வருதுன்னு வீட்டுலயே ஜாக்கி போட்டு, சேசிஸு சட்டத்துக்கும் மேல இருக்குற பாடிக்கும் நடுவுல இரும்புக் கட்ட வெச்சுத் தூக்குனேன்."

"தூக்குன, சரி. வளகாப்பு முடிஞ்சு என் தங்கச்சிய அழச்சிட்டுப் போவ நாங்க காரு கொண்டாந்தா, என் வண்டியிலதான் போவணும்னு ஏன் திருப்பி அனுப்புன?"

"எல்லாரும் பாக்கட்டும்னுதான்."

"பாத்தாங்களே! முக்காலி போட்டும் அவளுக்குக் கால் எட்டல. புள்ளத்தாச்சிய நெல்லு மூட்ட மாதிரி பின்னாலேர்ந்து தள்ளுற. தெருவே சிரிச்சுது. கை நெறைய வளையலோட பஸ்சுலதான வந்தா?"

இளையவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். "அன்னையிலேர்ந்து போன் போட்டா எடுக்க மாட்டேங்கறா மச்சான்."

வழியில் கிடந்த சாக்குப் பையைக் கண்டக்டர் காலால் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை. "என்னய்யா, பொணக் கனம் கனக்குது?"

"இரும்புக் கட்ட அண்ணே," என்று இளையவன் பையை இழுத்துக்கொண்டான்.

"அதையா தூக்கிட்டு வர்ற?" என்றார் மூத்தவர்.

"எல்லாத்தையும் கழட்டிட்டேன் மச்சான். வாயால சொன்னா அவ நம்ப மாட்டா."

மூத்தவர் சிரிக்கவில்லை. சிதம்பரத்தில் இறங்கும்போது பையின் ஒரு காதை அவர் பிடித்துக்கொண்டார்.

பேத்திக் கண்ணு, நான் சொல்லி நீ எழுதின இதை இங்கே உட்கார்ந்து எனக்குப் படித்துக் காட்டு. கட்டை தூக்கி வந்த அந்தப் பிள்ளை பேசுகிற இடத்தை மெதுவாகப் படி.