தையல்காரர் வீட்டில் இருந்த என் ஏணி

பக்கத்து வீட்டுத் தையல்காரர் எனக்குத் தர வேண்டியிருந்த பாக்கி ஓர் ஏணி. பதினொரு படி, நல்ல மரம். மற்றபடி எங்களுக்குள் எந்த மனத்தாங்கலும் கிடையாது.

தெருச் சங்கத்தாரே, நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். நான் கிடங்கில் மூட்டை தூக்குபவன். தலை நரைத்த பிறகுதான் எழுத்துப் படித்தேன். தப்புத் தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் தன் மாடியறையை வாடகைக்கு விட எண்ணி, பலகை மாட்டுவதற்கு என் ஏணியை வாங்கிப் போனார். பலகை மேலே ஏறியது. ஏணி வீடு திரும்பவில்லை. என் கூரைத் தகரத்திலோ ஓட்டை. முதுகு ஒடிந்து வந்து படுத்தால் மழை நேராக மூக்கில் விழும். போய்க் கேட்டேன்.

"நாளைக்குத் தரேண்ணே. உங்க வீட்டுல மாடியே இல்ல, ஏணி மேல என்ன இவ்ளோ பாசம்?" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி சிரிப்பது கேட்டது. நானும் சிரித்தேன். எனக்குக் கோபமே வராது.

மறுநாள் மதியம் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஏணி பலகையை ஒட்டியே சாய்ந்திருந்தது. ஏறினேன். 'அறை வாடகைக்கு விடப்படும்' என்றிருந்தது. பெரிய ற-வை வெள்ளை பெயிண்டால் மூடிவிட்டு, அந்த இடத்தில் சின்ன ர-வை எழுதினேன். 'அரை வாடகைக்கு விடப்படும்.' ஓர் எழுத்துதான். இறங்கி, ஏணியை இருந்த இடத்திலேயே விட்டுவந்தேன். அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாமே என்று செயலாளர் கேட்டார். கேட்காமல் எடுத்தால் திருட்டு, ஐயா. நான் அப்படிப்பட்ட ஆளில்லை.

சாயங்காலத்துக்குள் தெரு கொள்ளாத கூட்டம். "பாதி வாடகைன்னு போர்டு போட்டுட்டு இப்ப மாத்திப் பேசுறியா?" என்று ஒரு அம்மாள் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். ஒரு குடும்பம் கட்டிலோடு வந்து இறங்கிவிட்டது. அந்தக் குழப்பத்தில் யாருக்கோ மூன்று கை வைத்துச் சட்டை தைத்துவிட்டார், பாவம். கடைசியில் ஆளை விட்டால் போதும் என்று ஒரு ட்ரம்பெட்காரருக்குப் பாதி வாடகைக்கே விட்டார். ட்ரம்பெட்காரரின் ஜன்னல் என் கட்டிலைப் பார்த்துத் திறக்கிறது. அதை நான் யோசிக்கவில்லை.

காட்டிக்கொடுத்தது என் ர-தான். மூட்டை சுமப்பவன் மாதிரி முன்னால் சாய்ந்து நிற்கும். இந்தத் தெருவில் வேறு யாருக்கும் அப்படி வராது.

நேற்று தையல்காரர் ஏணியைக் கொண்டுவந்து என் வாசலில் போட்டார். "இந்தாங்கண்ணே உங்க ஏணி. கூடவே இதையும் வச்சுக்குங்க" என்று கன்னத்தில் ஒன்று விட்டார். அரை இல்லை, முழு அறை. பெரிய ற போட்டது. பாக்கி தீர்ந்தது.

செய்தது நான்தான். இனி யார் வம்புக்கும் போக மாட்டேன். சங்க வாசல் பலகையில் மட்டும் ஓர் எழுத்து கொஞ்சம் இடிக்கிறது. ஏணியும் கையில் இருக்கிறது. கூரையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.